இலையுதிர்காலக் கழிவு விலையில் மரம் வாங்கப் போகிறவர்களுக்கு: என் 1,401 டொலர் போன விதம்

மரம் வாங்கிய தோட்ட விற்பனை நிலையத்தை நேற்றுப் பின்னேரம் ஐந்தாவது தடவையாகத் தொலைபேசியில் அழைத்தேன். "எங்களால் ஒன்றும் செய்ய இயலாது" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். வருகிற செப்டெம்பரில் அதே நிலையத்தின் வாசலில் அதே கழிவு விலைப் பதாகை தொங்கும். நம்மவர்கள் பலர் வாகனத்தை அங்கே திருப்புவார்கள். அதனால்தான் கோபம் ஆறுமுன்னே எழுதுகிறேன்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் மேற்குப் பக்கத்தில் நிழல் தர ஒன்றுமே இல்லை. கடந்த ஒக்ரோபர் நடுப்பகுதியில், பெருந்தெருவோரம் இருக்கும் ஒரு பெரிய தோட்ட விற்பனை நிலையத்தில் ஒரு சிவப்பு மேப்பிள் மரம், ஒரு மக்னோலியா, வேலியோரத்துக்கு ஆறு பொக்ஸ்வூட் செடிகள் ஆகியவற்றை வாங்கினோம். மேப்பிள் 620, மக்னோலியா 290, பொக்ஸ்வூட் ஒன்று 55 ஆக 330. பதின்மூன்று வீத வரியுடன் 1,401 டொலர். முப்பது வீதம் கழித்த பிறகான விலை என்று பெருமையாகச் சொன்னார்கள்.

இலையுதிர்காலம் மரம் நட ஏற்ற காலம் என்பது பொய்யல்ல. காற்றுக் குளிர்ந்தாலும் மண்ணில் வெப்பம் மிஞ்சியிருக்கும். இலை கொட்டிய மரத்துக்கு நீர்ச் செலவும் குறைவு. நிலம் உறைவதற்குள் ஐந்தாறு வாரம் கிடைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும். இது எனக்கும் தெரியும். ஆனால் எல்லா மரத்துக்கும் அது பொருந்தாது, சதைப்பற்றான வேருள்ள மக்னோலியாவை வசந்தத்தில் நடுவதே பாதுகாப்பு என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன்.

நான் தயங்கி நின்றது உண்மை. மேப்பிளில் நாலு இலைகூட மிஞ்சவில்லை. அப்போதுதான் அங்கே வேலை செய்த நம்மூர்த் தம்பி ஒருவர் வந்தார். கிளையொன்றைப் பிடித்துப் பெருவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினார். அரிசிமணி அளவு இடத்தில் ஈரமான இளம்பச்சை தெரிந்தது. "இஞ்ச பாருங்கோ அக்கா, உள்ளுக்குப் பச்சை. மரம் உயிரோடதான் நிக்குது. வைகாசியில துளிர்க்காட்டி வந்து என்னைக் கேளுங்கோ, ஒரு வருச உத்தரவாதம் இருக்கு" என்றார். கூட வந்த அம்மாவிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். வேர்மண்ணைச் சுற்றியிருந்த சாக்கு தானாக உக்கிவிடும், அவிழ்க்கத் தேவையில்லை என்றும் சொன்னார். அந்தப் பச்சையையும் அந்தப் பேச்சையும் நம்பி அட்டையை நீட்டினேன். நிலம் உறையும் வரை அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்.

வைகாசி வந்தது. தெருவில் எல்லா மேப்பிளும் துளிர்த்தன, எங்களுடையது துளிர்க்கவில்லை. "எப்ப பிள்ளை துளிர்க்கும்?" என்று அம்மா தினமும் கேட்டார். அந்தத் தம்பி காட்டியபடியே நானும் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். காய்ந்த கபில நிறம். கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து மரங்களைத் தோண்டிக் கிளப்பியபோது உண்மை வெளிவந்தது. உக்கிவிடும் என்ற சாக்கு, பிளாஸ்டிக் நூலால் நெய்தது. ஒரு இழைகூட அறவில்லை. அடிமரத்தைச் சுற்றிக் கட்டிய நைலோன் கயிறு பட்டைக்குள் இறங்கியிருந்தது. தண்டு வேராக விரியும் இடம், அவர்கள் கட்டித்தந்த மண்ணுக்குள்ளேயே நாலு அங்குலம் புதைந்து கிடந்தது. மக்னோலியாவோ சாடிக்குள் எத்தனை வருடம் இருந்ததோ, வேரெல்லாம் தும்புக் கயிற்றுப் பந்துபோலச் சுற்றியே வளர்ந்திருந்தது, புதிய மண்ணுக்குள் ஒரு வேர்கூட நீளவில்லை. நகத்தால் சுரண்டினால் கிளையின் உயிர் தெரியும், வேரின் நிலை தெரியாது என்பதை 1,401 டொலர் கொடுத்து அறிந்துகொண்டேன்.

பொக்ஸ்வூட் ஆறிலும் இலைகள் ஒன்றோடொன்று நூலால் தைத்ததுபோல ஒட்டியிருந்தன. விரித்துப் பார்த்தால் கறுப்புத் தலையும் பச்சை உடலுமாக ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள். கிழக்காசியாவிலிருந்து வந்த இந்த அந்துப்பூச்சி, வட அமெரிக்காவில் முதன்முதலாக 2018இல் இதே ரொறன்ரோவில்தான் கண்டறியப்பட்டது. இலைக் கூட்டுக்குள் ஒளிந்து பனிக்காலத்தைக் கழிக்கும் புழு அது. இந்த நகரில் பொக்ஸ்வூட் விற்கும் ஒருவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது.

முதல் அழைப்பில் படம் அனுப்பச் சொன்னார்கள். ஒன்பது படங்கள் அனுப்பினேன். இரண்டாவதில் முகாமையாளர் விடுமுறை என்றார்கள். மூன்றாவதில் படங்கள் வரவில்லை என்றார்கள். நேரில் போனபோது அந்தத் தம்பி அங்கே இல்லை, வேலையை விட்டுவிட்டாராம். முகாமையாளர் பற்றுச்சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்: கழிவு விலைப் பொருட்களுக்கு உத்தரவாதம் இல்லை. பிறகு, தண்ணீர் ஊற்றாமல் விட்டிருப்பீர்கள் என்றார். வாளி சுமந்த என் தாய் பக்கத்திலேயே நின்றார். கடைசியில், புதிதாக மரம் வாங்கினால் பத்து வீதம் கழித்துத் தரலாம் என்றார். 1,401 டொலரை விழுங்கியவர்களிடம் இன்னொரு மரம் வாங்க வேண்டுமாம்.

விரிவான ஆலோசனை எழுதத்தான் நினைத்தேன், மனம் அதற்கு இடம் தரவில்லை. வாங்குமுன் சாடியிலிருந்து செடியை உருவிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். தண்டு வேராக விரியும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சாக்கு, கம்பி, கயிறு எது இருந்தாலும் நட வெட்டிய கிடங்கில் இறக்கியவுடன் மேற்பகுதியையாவது வெட்டி எடுங்கள். உத்தரவாதம் உண்டென்று வாயால் சொன்னால், பற்றுச்சீட்டின் முன்பக்கத்தில் எழுதிக் கையொப்பம் கேளுங்கள். வீட்டு முன்னால் நகரசபைக்குரிய நிலத்தில் மாநகரமே இலவசமாக மரம் நட்டுத் தருகிறது; பின்வளவுக்கு லீஃப் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, மர வல்லுநர் ஒருவரை அனுப்பி இடம் பார்த்து, உள்ளூர் மரங்களைச் சலுகை விலையில் நடுகிறது. கடைக்குப் போகுமுன் இந்த இரண்டையும் விசாரியுங்கள். ரொறன்ரோவில் இருப்பவர்கள் பொக்ஸ்வூட் வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்றே இலைகளை விரித்துப் பாருங்கள். புழு இருந்தால் வெட்டியதை உரக்குவியலில் போடாமல் பையில் இறுகக் கட்டுங்கள். என்னுடைய ஆறும் இப்போது கறுப்புப் பைகளில் கட்டியபடி வாசலில் கிடக்கின்றன.