ரூ.27,600 கட்டி வாங்கிய ‘சுத்த சைவம்’: தவாங் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று முன்தினம் நள்ளிரவில் வீடு வந்து சேர்ந்தோம். பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. அழுக்குத் துணி மூட்டையாகக் கிடக்க, அதைத் தாண்டி வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் எவ்வளவு வயிறு எரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரூ.27,600. விமான டிக்கெட், வண்டி, அறை எல்லாம் இதில் சேராது. சாப்பாட்டுக்கென்று மட்டும், ‘சுத்த சைவ உணவுத் திட்டம்’ என்ற பெயரில், ஆளுக்கு நாளொன்றுக்கு ரூ.1,150 வீதம் நான்கு பேருக்கு ஆறு நாளுக்கு முன்கூட்டியே கட்டிய பணம். அந்த ஆறு நாளில் அவர்கள் ஏற்பாடு செய்த ஒரு பிடிச் சோறுகூட எங்கள் தட்டில் விழவில்லை.

மலைப் பகுதிகளுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்து தருகிற ஓர் இணையத் தளம். பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

என் மாமியாருக்கு 71 வயது. அவருடைய அண்ணன் ராணுவத்தில் இருந்தபோது அருணாசலப் பிரதேச மலைகளில் பணியாற்றியவர். சேலா கணவாயையும் அங்கே உறைந்து கிடக்கும் ஏரியையும் பற்றி அவர் சொல்லிச் சொல்லி, ஒருமுறையாவது அந்தப் பாதையில் போய்வர வேண்டும் என்பது மாமியாருக்கு நெடுநாள் ஆசை. மருத்துவரிடம் காட்டினோம், போகலாம் என்றார். மிச்சமிருந்த ஒரே கவலை சாப்பாடு. முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாதவர். பாலுக்போங், திராங், தவாங் என்று சின்னச் சின்ன ஊர்களில் தங்கிப் போகும் பயணத்தில் அவருக்கு என்ன கொடுப்பது?

தளத்திலிருந்து பேசியவர் தமிழர். முதல் அழைப்பில் ‘மேடம்’ என்றார், இரண்டாவது அழைப்பிலேயே ‘அக்கா’ ஆகிவிட்டேன். நான் சைவம் என்று மட்டும்தான் சொன்னேன். அவராகவே கேட்டார்: “அம்மாவுக்கு வெங்காயம், பூண்டு சேருமா அக்கா? சேராது என்றால் இப்போதே சமையல்காரருக்குக் குறிப்பு அனுப்பிவிடுகிறேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “பயணத்தின் நடுவில் ஏகாதசி வருகிறதே, அன்றைக்குப் பழம் வாங்கி வைக்கச் சொல்லட்டுமா?” என்றார். ஏகாதசியை நானே அதுவரை நாள்காட்டியில் பார்த்திருக்கவில்லை. விழுந்தது அந்த இடத்தில்தான். விலையைப் பார்த்தோ படங்களைப் பார்த்தோ நான் ஏமாறவில்லை. நம் வீட்டு மனிதர் ஒருவர் கேட்பதுபோல் ஒரு கேள்வி வந்ததும் மனம் இளகிவிட்டது.

அப்போது கூடத்தில் நான்கு கிலோவுக்கு ஒரு பை தயாராக இருந்தது. பருப்புப் பொடி, கெட்டி அவல், அரிசி, பச்சைப் பயறு, சின்ன மின்குக்கர், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். அதைச் சொன்னேன். சிரித்தார். “அதையெல்லாம் ஏன் அக்கா சுமக்கிறீர்கள்? எங்கள் சாப்பாடு வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும்.” பையைப் பிரித்துப் பொருள்களை அலமாரியில் திரும்ப அடுக்கினேன். புளிக்காய்ச்சலை மட்டும் மனது கேட்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இரவே ரூ.27,600 போய்ச் சேர்ந்தது. வந்த உறுதிச் சீட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி வேறு! அந்தக் குறி பொட்டலமிட்ட உணவுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி போடுவது. ஒரு பயணச் சீட்டில் அதை யார் வேண்டுமானாலும் வரைந்து வைக்கலாம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

குவாஹாட்டியில் இறங்கி, தேஜ்பூர் வழியாக, முதல் நாள் மாலை பாலுக்போங். அசாம் எல்லை முடிந்து அருணாசலம் தொடங்கும் ஊர், வெளிமாநிலத்தவர் எடுக்க வேண்டிய உள்நுழைவு அனுமதிச் சீட்டைச் சரிபார்க்கும் இடம். வழியில் மதியச் சாப்பாட்டுக்கு வண்டியோட்டி நிறுத்திய கடையில் கடுகெண்ணெயில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. “எங்களுக்குச் சைவச் சாப்பாடு ஏற்பாடு ஆகியிருக்குமே?” என்று என் கணவர் தன் அரைகுறை இந்தியில் கேட்டார். அந்தப் பையன் விழித்தான். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, தளம் அவனுக்கு அனுப்பியிருந்த விவரத்தைக் காட்டினான். வண்டி இருந்தது, அறைகள் இருந்தன, அனுமதிச் சீட்டு இருந்தது. சாப்பாடு என்ற இடத்தில் ‘விருந்தினர் தம் செலவில்’ என்றிருந்தது. வெங்காயமும் இல்லை, பூண்டும் இல்லை, ஏகாதசியும் இல்லை. மாமியார் அன்று பகலில் தேநீரும் நான்கு பிஸ்கட்டும் சாப்பிட்டார்.

அழைத்தேன். “அப்படியா அக்கா? உள்ளூர் ஏற்பாட்டாளர் மறந்திருப்பார். இரவுக்குள் சரிசெய்துவிடுகிறேன்.” அவர் என்னை அக்கா என்று அழைத்தது அதுவே கடைசி.

மறுநாள் திராங். ஆற்றங்கரையில் ஒரு வீட்டில் தங்கினோம். வீட்டுக்காரப் பெண்மணி மோன்பா இனத்தவர், நல்ல மனுஷி, மாமியாரை ‘மாதாஜி’ என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். குளிர். சூடாக துக்பா வைத்தார். நூடுல்ஸ் போட்ட கஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். “வெஜ்?” என்று கேட்டோம். “வெஜ், வெஜ்” என்று தலையாட்டினார். முட்டைக்கோஸ், கேரட், கீரைதான் மிதந்தன. மாமியார் இரண்டு மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டு, ஏதோ மணம் வித்தியாசமாக இருக்கிறது என்றார். என் மகன் பள்ளியில் இந்தி படிப்பவன். தண்ணீர் எதில் கொதித்தது என்று கேட்டான். எலும்புச் சாறு. நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடை அடுப்பில் ரசப் பானை கிடப்பதுபோல் அங்கே குளிருக்கு எலும்பு போட்ட பானை எப்போதும் அடுப்பில் கிடக்கிறது. கறித்துண்டு போடாவிட்டால் அது ‘வெஜ்’. அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஊர்ப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் வாய் கொப்பளித்தார். நெடுநேரம் கொப்பளித்தார். திரும்பி வந்து, “அந்தப் பெண்ணிடம் கோபப்படாதே, அவளுக்கு எப்படித் தெரியும்?” என்றார். அந்தப் பெண்மணிக்கோ கண் கலங்கிவிட்டது. “யாருமே என்னிடம் சொல்லவில்லையே, காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தனியாகச் செய்திருப்பேனே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு வார்த்தை! அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் நான் ரூ.27,600 கட்டியிருந்தேன். இரவு ஒன்பது மணிக்குப் புதுப் பாத்திரம் எடுத்துக் கழுவி, உருளைக்கிழங்கை உப்பும் மிளகாயும் போட்டு வேகவைத்துச் சோறும் வடித்தார். மாமியார் தொடவில்லை. காலையில் பக்வீட் என்கிற மலைத் தானிய மாவைக் கரைத்து வெண்ணெயில் தோசை மாதிரி வார்த்துக் கொடுத்தார், குரா என்கிறார்கள். அதை மாமியார் ஒன்றரை சாப்பிட்டார். அந்த அம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் பணமே வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்திக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் சேலா. 2024 மார்ச்சில் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள், அதில் போனால் கணவாய்மேல் ஏற வேண்டியதில்லை. ஆனால் மாமியார் பார்க்க வந்ததே அந்த இடத்தைத்தானே! பழைய பாதையில் ஏறினோம். 13,700 அடி உயரம், முந்தைய இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடாத வயிறு. ஏரிக்கரையில் இறங்கியதும் அவருக்குத் தலைசுற்றி, காருக்குள்ளேயே உட்காரவைத்தோம். அண்ணன் சொன்ன ஏரியைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். இதற்கு அந்தத் தளம் எத்தனை ரூபாய் திருப்பித் தரும் என்று தெரியவில்லை. கணவாயைத் தாண்டி, ஜஸ்வந்த்கரில் போர் நினைவிடத்துக்குப் பக்கத்தில் ராணுவத்தினர் கொடுத்த தேநீரைக் குடித்த பிறகுதான் முகம் தெளிந்தது.

தவாங்கில் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். கடைவீதியில் ஐந்து நிமிடம் நடந்தோம். பீகார்க் குடும்பம் ஒன்று நடத்தும் சின்னக் கடை, ‘வைஷ்ணோ’ என்று பலகை, சைவக் கடை என்று பொருள். ரொட்டி, பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல். பூண்டு வேண்டாம் என்றதும், தாளிக்காமல் ஒரு கிண்ணம் பருப்பைத் தனியே எடுத்து வைத்தார்கள். ராணுவ முகாம்கள் நிறைந்த ஊர், வடஇந்தியச் சாப்பாடு சாதாரணமாகக் கிடைக்கிறது. கேட்டால் கிடைக்கிற பொருளைத்தான், கேட்டு வைத்திருக்கிறோம் என்று சொல்லி ரூ.27,600-க்கு விற்றிருக்கிறார்கள். ஆறு நாளும் நான்கு பேரும் சாப்பிட எங்கள் கையிலிருந்து செலவானது, திராங் வீட்டுக்குக் கொடுத்ததையும் சேர்த்து, ரூ.6,340. கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

இனி அவர்கள் பேசிய பேச்சு. தவாங்கிலிருந்து அழைத்தபோது வேறொருவர் எடுத்தார். அந்தத் தமிழர் ‘வேறு பிரிவுக்கு மாறிவிட்டாராம்’. இரண்டு நாளில் என்ன பிரிவு மாற்றமோ! நான் மறுபடி ‘மேடம்’ ஆனேன். மலைப் பகுதியில் தொடர்பு கிடைக்காததால் சமையலறைக்குச் செய்தி போகவில்லை என்றார். நான் அதே மலையிலிருந்துதானே உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். மேலதிகாரி அழைப்பார் என்றார். அழைக்கவில்லை. அடுத்த நாள், உள்ளூர்ப் பங்குதாரரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம் என்று ஒரு செய்தி. அதற்கடுத்த நாள், சைவ உணவு வழங்கப்படவில்லை என்பதற்கு ஆதாரம் அனுப்புங்கள் என்று இன்னொன்று. கிடைக்காத சாப்பாட்டுக்கு எந்தக் கடையில் ரசீது போடுவார்கள்? வண்டியோட்டிக்கு அவர்கள் அனுப்பிய விவரத்தையே படமெடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை.

வீடு திரும்பும் வழியில், குவாஹாட்டி விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது கடைசியாக வந்தது: ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். நல்லெண்ண அடிப்படையில் உங்கள் அடுத்த பயணத்தில் ரூ.2,000 தள்ளுபடி. 90 நாள்களுக்குள் பயன்படுத்தவும்.’ அக்கா, மேடம் ஆகி, வாடிக்கையாளர் ஆகி, தள்ளுபடிச் சீட்டில் வந்து நிற்கிறேன். அடுத்த பயணமாம்! மாமியாரிடம் படித்துக் காட்டினேன். “அதில் பழம் உண்டா என்று கேள்” என்றார்.

நேற்றுக் காலை முதல் வேலையாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்கள் குறைதீர்க்கும் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளிப்படையாகப் போட வேண்டும். புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தத் தளத்தில் அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. ஒரு மாதம் பார்ப்பேன். பிறகு எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், ரூ.5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ரூ.27,600-க்கு வழக்கா என்று கணவர் கேட்கிறார். ஆமாம், ரூ.27,600-க்குத்தான்.

சின்ன ஊர்களில் சைவமாகச் சாப்பிட்டுப் பயணம் போவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தங்கப்போகும் வீட்டின் தொலைபேசி எண்ணை வாங்கி, கிளம்பும் முன் நீங்களே பேசுங்கள். எண்ணைத் தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள். ‘வெஜ்’ என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். ‘மாம்ஸ் நஹி, மச்லி நஹி, அண்டா நஹி, ஹட்டி கா சூப் பி நஹி’ (கறி, மீன், முட்டை, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம்) என்று நான்கையும் சொல்லுங்கள், நான்காவதை அழுத்திச் சொல்லுங்கள். வண்டியோட்டிக்குப் போயிருக்கும் விவரத்தை முதல் நாள் காலையிலேயே வாங்கிப் படியுங்கள், நாங்கள் மதியம் வரை காத்திருந்தோம். குக்கர் எடுத்துப் போங்கள். தவாங் ஏறத்தாழ 10,000 அடி. தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குக்கர் சுமக்க முடியாவிட்டால் அவல் போதும், வெந்நீர் எங்கும் கிடைக்கிறது.

புளிக்காய்ச்சல் பாட்டிலைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் வைத்திருந்த என்னுடையதைப் புறப்படும் அன்றே விமான நிலையச் சோதனையில் எடுத்துவிட்டார்கள்.