5 வோல்ட்டும் 12 வோல்ட்டும்: தனித்தனியாகச் சுற்றவா, மேலே அடுக்கவா?

பினாங்கு, பாயான் பாருவில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சிசிடிவி ரெக்கார்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, ஹார்ட் டிஸ்க் மாத்தலாம்னு கழட்டி வச்சு ஓட விட்டேன். மறுநாள் பார்த்தா கெப்பாசிட்டர் வீங்கிப் போச்சு."

5 வோல்ட் அசையாமல் நின்றது. 12 வோல்ட் லைனில் மீட்டர் 16ஐத் தாண்டியது. வீங்கியதும் 16 வோல்ட் கெப்பாசிட்டர்தான். உள்ளே ஃப்ளைபேக் சப்ளை, அதாவது மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் ஆனில் இருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் ஆற்றலைச் சேர்த்து, அணையும்போது வெளியே கொடுக்கும் வகை. வோல்ட்டேஜைக் கவனித்துக் கட்டுப்படுத்த உதவும் டிஎல்431 சிப் பார்ப்பது 5 வோல்ட்டை மட்டும். 12 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மரில் தனிச் சுற்று. டிஸ்க் இல்லாததால் சுமையும் இல்லை. மாஸ்ஃபெட் அணையும்போதெல்லாம் லீக்கேஜ் (சுற்றுகளுக்கிடையே முழுதாகப் பிணையாத காந்தப்புலம்) கிளப்பும் வோல்ட்டேஜ் முள்ளின் உச்சம்வரை அந்த கெப்பாசிட்டர் ஏறிவிடுகிறது.

தனிச் சுற்றை விட்டு, 5 வோல்ட்டின் மேல் அடுக்கலாம் என்று முடிவு செய்தேன். அடுக்குவதிலும் ஏசி, டிசி என்று இரண்டு வழி.

பிரைமரி (மின்சாரம் நுழையும் பக்கம்) 100 சுற்று, 5 வோல்ட்டுக்கு 5 சுற்று. ஷாட்கி டையோடு (இழப்பு குறைந்த டையோடு) தின்னும் 0.5 வோல்ட்டைச் சேர்த்தால் சுற்றுக்கு 1.1 வோல்ட். தனியாகச் சுற்றினால், 12 வோல்ட் டையோடின் 0.7 போக, 11 சுற்றில் 11.4 வோல்ட், 12 சுற்றில் 12.5. அரைச் சுற்று போட முடியாதே! ஏசி அடுக்கு, அதாவது 5 சுற்றின் முனையிலிருந்தே மேலே தொடர்ந்து சுற்றி டையோடு போடுவது, இதே கணக்கில்தான் மாட்டும். பாபினில் (கம்பி சுற்றும் கூடு) ஒரு பின் மிச்சம், சுற்றுகளுக்கிடையே கப்ளிங்கும் (காந்தப் பிணைப்பு) கொஞ்சம் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

டிசி அடுக்கில் மேல்சுற்றின் கீழ்முனை 5 வோல்ட் டையோடைத் தாண்டி, கெப்பாசிட்டரின் பிளஸ்ஸில் உட்காரும். அது கொடுக்கவேண்டியது 7 வோல்ட், டையோடுக்கு 0.7 சேர்த்தால் 7.7. சரியாக 7 சுற்று! 12 வோல்ட்டின் மின்னோட்டமும் 5 வோல்ட் டையோடு வழியாகவே போவதால், அங்கே சுமை ஏறினால் மாஸ்ஃபெட்டை இயக்கும் கண்ட்ரோலருக்கும் தெரியவரும். முள் எகிறினாலும் 7 வோல்ட் பங்கில்தான் எகிறும். கீழே உள்ள 5 கட்டுப்பாட்டில் இருக்கிறது.

செலவு சூடுதான். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், 12இல் அரை ஆம்பியர் என்றால் கீழ் டையோடு 2.5 ஆம்பியர் தூக்கும். கம்பியையும் அதற்கேற்பத் தடிமனாக்கவேண்டும். நான் 5 ஆம்பியர் ஷாட்கி போட்டேன்.

சுற்றின் தொடக்கத்தைக் காட்டும் புள்ளி வைத்த முனையில் கவனம் வேண்டும். முதல் தடவை 7 சுற்றின் இரு முனைகளை மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். பாதுகாப்புக்காக மெயின்ஸில் தொடராகப் போட்டிருந்த சீரியஸ் பல்பு பளீரென்று எரிந்தது. மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்போதே டையோடு கடத்துகிறது, மின்னோட்டத்தைத் தடுக்க இண்டக்டர் கிடையாது. பல்பு இல்லாவிட்டால் மாஸ்ஃபெட் போயிருக்கும்.

தனிச் சுற்றை ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். ஆர்எஸ்-485 லைனுக்கு (தூரத்துக் கருவிகளோடு பேசும் கம்பி இணைப்பு) பிரிந்த கிரவுண்ட் வேண்டுமென்றால் அதைவிட்டால் வழியில்லை. அங்கே சும்மா சுமையாக ஒரு டம்மி ரெசிஸ்டரோ, பின்னால் ஒரு 7812ஓ (12 வோல்ட் ரெகுலேட்டர்) போட்டுச் சமாளிக்கவேண்டும். 7812க்கு உள்ளே 14, 15 வோல்ட்டாவது வருகிற மாதிரி சுற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

டிஸ்க் இல்லாமலே மறுபடி ஓடவிட்டு அளந்தேன்: 12.4. புது கெப்பாசிட்டரை மட்டும் 25 வோல்ட்டாகப் போட்டுக் கொடுத்தேன்.