காளான் டப்பாவில் அரிசி எவ்வளவு?

மருந்துக் காளான் பொடி வாங்கப் போகிறவர்கள் ரெய்ஷியா, லயன்ஸ் மேனா என்றுதான் தொடங்குவார்கள். நான் முதலில் கேட்பது வேறு: டப்பாவில் இருப்பது காளானா, அது வளர்ந்த தானியமா?

நாம் பறிக்கும் குடைதான் காளானின் கனியுடல். அடியில் நூல் நூலாகப் பரவுவது மைசீலியம். அமெரிக்காவில் சில நிறுவனங்கள் மைசீலியத்தை அரிசியிலோ ஓட்ஸிலோ வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே உலர்த்திப் பொடித்துவிடுகின்றன. இழையைத் தானியத்திலிருந்து பிரித்தெடுப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் மாவுச்சத்து ஏறி, நாம் காசு கொடுத்து வாங்கும் பீட்டா குளூக்கன் என்ற காளான் நார்ச்சத்து குறைந்துவிடுகிறது. சந்தேகமிருந்தால் ஒரு சிட்டிகைப் பொடியை நீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கருநீலமானால் மாவு இருக்கிறது. அந்த நீரை மட்டும் குடித்துவிடாதீர்கள். லேபிளில் உள்ள "பாலிசாக்கரைடு 40%" என்பதற்கும் மயங்க வேண்டாம். பாலிசாக்கரைடு என்றால் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்; பீட்டா குளூக்கனும் அதுதான், அரிசி மாவும் அதுதான். பீட்டா குளூக்கன் எத்தனை சதவீதம் என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும்.

மைசீலியம் என்றாலே மட்டம் என்பதும் தவறு. ஜப்பானில் 1977இல் அனுமதி பெற்று, புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணைமருந்தாக வந்த பி.எஸ்.கே., டர்க்கி டெயில் காளானின் மைசீலியத்திலிருந்து எடுத்ததுதான். ஆனால் அது பிரித்தெடுத்துச் சுத்திகரித்த சரக்கு; தானியத்தோடு அரைத்த மாவு அல்ல.

அடுத்தது சாறு எடுக்கும் முறை. பீட்டா குளூக்கன் செல்சுவரில் கைட்டின் என்ற கடினமான பொருளோடு பிணைந்து கிடக்கிறது. கஷாயம் வைப்பதுபோல் வெந்நீரில் நெடுநேரம் கொதித்தால்தான் இறங்கும். ஆல்கஹாலில் கரையாது. ஆகவே டர்க்கி டெயிலை ஆல்கஹால் சொட்டுமருந்தாக வாங்குவது வீண்செலவு. ரெய்ஷி கதை வேறு. அதன் கசப்புக்குக் காரணமான ட்ரைடர்பீன்கள் ஆல்கஹாலில்தான் நன்கு இறங்கும். அதற்கு வெந்நீர், ஆல்கஹால் இரண்டிலும் எடுத்த இரட்டைச் சாறே சரி. கசக்காத ரெய்ஷியை நான் நம்புவதில்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ரெய்ஷியைத் தொடக் கூடாது.

லயன்ஸ் மேனுக்கு விளம்பரம் அதிகம், ஆதாரம் கொஞ்சம். பலரும் காட்டும் 2009ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வில் லேசான மறதியுள்ள, 50 முதல் 80 வயதுக்குட்பட்ட சுமார் 30 பேர்தான் இருந்தார்கள். 16 வாரம் பொடி சாப்பிட்டவர்களுக்கு அறிவாற்றல் சோதனையில் மதிப்பெண் கூடியது. நிறுத்தி 4 வாரத்தில் சரியத் தொடங்கியது. சாப்பிட்ட அளவு நாளைக்கு 3 கிராம், அதுவும் சாறு எடுக்காத வெறும் பொடி. 500 மில்லிகிராம் காப்ஸ்யூல் என்றால் ஆறு விழுங்க வேண்டும்.

காளான் பொடி கலந்து விற்கும் காளான் காபியில் காபி நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பிர்ச் மரத்தில் கரிக்கட்டிபோல் வளரும் சாகாவை நான் வாங்குவதில்லை. அதில் சிறுநீரகத்தில் கல்லாகச் சேரக்கூடிய ஆக்சலேட் மிகுதி. ஜப்பானில் மாதக்கணக்கில் தினமும் பல கரண்டி சாகாப் பொடி சாப்பிட்ட 72 வயதுப் பெண் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. எனக்கு ஏற்கெனவே ஒருமுறை சிறுநீரகக் கல் வந்திருக்கிறது.