கார் ஷெட் தரை கழுவ ஆசிட் கேனோடு வருகிறார்கள், உஷார்

கார் ஷெட் தரையைப் புதுசு போல ஆக்கித் தருகிறோம் என்று விளம்பரம் பார்த்து யாரையாவது கூப்பிடுவதாக இருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் ஷெட்டில் சாதாரண சிமெண்ட் தரை. பழைய கார் சொட்டிய எஞ்சின் ஆயில் கறைதான் பிரச்சினை. "ஃபாரின் கெமிக்கல் சார், கறை இருந்த இடமே தெரியாது" என்றார் போனில் பேசியவர். சதுர அடிக்கு 15 ரூபாய், பாதி முன்பணம். வந்த பையன்கள் கையில் லேபிள் கிழித்த வெள்ளைக் கேன். திறந்ததுமே நெடி மூக்கில் ஏறியது. கழிப்பறைக்கு ஊற்றுவோமே, அதே ஹைட்ரோகுளோரிக் ஆசிட். பாவம், அந்தப் பையன்களுக்கு ஒரு கையுறைகூடக் கொடுத்தனுப்பவில்லை.

ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைத்தது. "அழுக்கு எப்படிக் கழலுது பாருங்க சார்" என்றான் ஒருவன். கழன்றது அழுக்கு அல்ல, தரை. சிமெண்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தை ஆசிட் அரிக்கும்போது கரியமில வாயு கிளம்புகிறது, அதுதான் நுரை. எண்ணெயை ஆசிட் கரைக்காது. ஆனால் மேல்தோல் போனதும் தரை அன்றைக்கு வெளுப்பாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து போட்டோ எடுத்து, மீதிப் பணத்தையும் வாங்கிவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு கூத்து. ஆசிட் ஈரம் காயும் முன்பே பிளீச்சிங் பவுடரைத் தூவப் போனார்கள். கத்தித் தடுத்தேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காற்றோட்டம் இல்லாத ஷெட்டில் அது ஆளையே சாய்த்துவிடும்.

இப்போது நடந்தால் காலெல்லாம் வெள்ளைப் பொடி. அங்கங்கே ஜல்லி பல்லிளிக்கிறது. ஷட்டரின் அடிப்பகுதி ஆசிட் புகையில் துருப்பிடித்துவிட்டது. ஆயில் கறை மட்டும் அப்படியே இருக்கிறது.

எண்ணெய்க் கறைக்கு வேண்டியது ஆசிட் அல்ல, அதற்கு நேர் எதிரான காரம், அதாவது சலவை சோடா மாதிரி. புதுசாகச் சிந்திய எண்ணெய் என்றால் மரத்தூளைக் கொட்டி உறிஞ்சவிட்டுக் கூட்டி எடுங்கள். பிறகு சலவை சோடாவும் சோப்புத்தூளும் சுடுதண்ணீரில் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு கெட்டி பிரஷால் தேய்த்தால் போதும். ஊறிப்போன பழைய கறை முழுசாகப் போகாது, மங்கும். அதற்கு மேல் சத்தியம் செய்பவரை நம்பாதீர்கள்.

பொடி உதிர்கிறதே என்று போன் செய்தால், "எபாக்ஸி அடிச்சுட்டா சரியாயிடும் சார், உங்களுக்கு மட்டும் ஆஃபர்" என்கிறார்கள். எபாக்ஸி என்பது தரைமேல் அடிக்கும் ஒரு பிசின் பூச்சு. பொடி உதிரும் தரையில் அது பிடிக்காது, டயர் சூட்டிலேயே உரிந்து வந்துவிடும். அதற்கும் பாதி முன்பணம் வேண்டுமாம்.