பியூட்டர் பைண்ட் மக்: ரிப்பேருக்குப் போய் வந்த பிறகு

பழைய இங்கிலாந்து பியூட்டர் (வெள்ளீயக் கலப்பு உலோகம்) மக் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். ரிப்பேருக்குப் போன என்னுடையது இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறது. பதிலில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என்னுடையது லண்டன் பப் ஒன்றில் புழங்கிய விக்டோரியா காலத்துச் சரக்கு. இந்த மக்கில் நான் மயங்கிக் கிடப்பது உள்பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில்தான். கைப்பிடி சேரும் இடத்தில் உள்ளே விரலை வைத்தால் துணி நெசவு சொரசொரவென்று தட்டுப்படும். உருக்கிய உலோகத்தை உடம்பின் மேலேயே நேராக ஊற்றிக் கைப்பிடியை வார்த்திருக்கிறார்கள். பெரும்பகுதி வெள்ளீயம், 230 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். சும்மா விட்டால் அடுப்பில் காலியாக வைத்த ஈயச் சொம்பின் கதிதான். அதனால் உள்ளே மணல் நிரப்பிய லினன் பையை அழுத்திப் பிடிப்பார்கள். ஒரு கணம் இளகிய சுவரில் அந்தத் துணியின் இழைகள் அப்படியே பதிந்துவிட்டன.

விளிம்பை ஒட்டி முத்திரைகள்: கிரீடம், வி.ஆர். (விக்டோரியா ராணியின் குறி), கீழே ஓர் எண். ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி, சரியாகப் பிடிக்கிறதா என்று அளவு அதிகாரி பார்த்துக் குத்தியது. 1878 எடை அளவுச் சட்டத்துக்குப் பிந்திய முத்திரை என்றால் அந்த எண்ணை வைத்தே வட்டாரத்தைச் சொல்லிவிடலாம். ராணி இறந்த பிறகு, எட்வர்ட் மன்னர் காலத்தில் குத்திய இ.ஆர். முத்திரையும் பக்கத்திலேயே இருக்கிறது. இருந்தது.

எரிச்சல் என்னவென்றால், இந்த உலோகம் அவ்வளவு மெது. கொஞ்சம் வேகமாக வைத்தாலே ஒடுக்கு விழும். அடிவிளிம்பு நசுங்கி, மேசையில் எந்நேரமும் ஆடிக்கொண்டிருந்தது. ரிப்பேர் செய்தவர் ஒடுக்கை அழகாக எடுத்துவிட்டார், இப்போது அசையாமல் நிற்கிறது. சரி, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கேட்காமலே பாலிஷ் போடும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து, நூறு வருஷத்துக்கு மேல் சேர்ந்த சாம்பல் மங்கலை வழித்து எடுத்துவிட்டாரே! இ.ஆர். முத்திரையின் எண் இப்போது வெறும் தடவல்.

அதில் குடிக்கலாமா என்றும் நண்பர் கேட்டிருந்தார். அந்தக் காலப் பப் மக்கில் காரீயம் கலந்திருக்கும். தினப் புழக்கத்துக்கு வேண்டாம். எப்போதாவது பியர் ஊற்றினால் உடனே முடித்துக் கழுவிவிடுவேன். ஒயின், எலுமிச்சை பக்கமே விடுவதில்லை.

ஆக, வாங்காதீர்கள். ஒடுக்கு எடுக்க ஆள் தேடி அலைவீர்கள், ஆள் கிடைத்தால் இன்னும் மோசம். ஆனால் அந்த மக்கின் உள்ளே துணித்தடம் இருக்கிறதா என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். விலையையும் சொல்லுங்கள்.