செஞ்சிக் கோட்டை, ஒரு பிளம்பர் பார்த்தபடி

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. புதுச்சேரியில் 26 வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறேன். சிங்க்குக்கு அடியிலும் சம்ப்புக்குள்ளும் குந்தி உட்கார்ந்தே இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. செஞ்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். "ஈஸியா ஏறிடலாம்" என்று எழுதுகிறார்கள். அதை நம்பிப் போன ஐம்பது வயதுக்காரன் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இதைப் படிக்கலாம்.

செஞ்சி ஆசை எனக்கு எங்கள் கடற்கரையிலேயே தொடங்கியது. காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கல் தூண்கள் நிற்கின்றன அல்லவா, அவை பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் செஞ்சியிலிருந்து எடுத்து வந்தவை என்பார்கள். சின்ன வயதில் அவற்றைச் சுற்றித்தான் ஓடிப்பிடித்து விளையாடுவோம். அப்பா ஒவ்வொரு முறையும் தூணைத் தட்டிப் பார்த்து, "இதை அங்கேர்ந்து எப்படிடா இழுத்து வந்தான்?" என்று கேட்பார். அவரும் செஞ்சியைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மீதி ஒன்று செஞ்சி. கல்லூரியில் படிக்கும் என் மகள் போனில் செய்தியைக் காட்டி, "அப்பா, நீங்க போனதே இல்லையா?" என்றாள். கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் கிளம்பினோம். திண்டிவனம் போய், அங்கே திருவண்ணாமலை பஸ் பிடித்தோம். செஞ்சி நெருங்கும்போதே மலைகள் தெரிகின்றன. மலை என்று சொன்னாலும் மண் தெரியாத மலை. பெரிய பெரிய பாறைகளைக் கூடையில் அள்ளிக் கொட்டியது போலக் குவிந்து கிடக்கின்றன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் இணைத்துச் சுற்றி ஓடும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். பஸ் போகும் சாலையே அந்தக் கோட்டைக்குள் புகுந்துதான் போகிறது.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்தோம். ஓட்டியவர் உள்ளூர்க்காரர். தேசிங்கு ராஜா கதையைப் போன வாரம் நடந்தது போலச் சொல்லிக்கொண்டு வந்தார். "இருபத்திரண்டு வயசுண்ணே. ஆற்காட்டு நவாபுகிட்ட அவ்வளவு படை. இவரு கையில இருந்த கொஞ்சப் பேரோட குதிரை ஏறிட்டாரு." அது 1714-இல் நடந்தது. 300 வருடம் கழித்தும் ஒரு மனிதருக்குச் சொல்லும்போது தொண்டை கட்டுகிறது என்றால் அதுவும் ஒருவகைக் கோட்டைதான். இறங்கும்போது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தண்ணி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "ஒரு லிட்டர் இருக்கு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

டிக்கெட் பெரிய செலவில்லை, 15 வயதுக்குக் கீழே இலவசம். வாங்கிய சீட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். கிருஷ்ணகிரி வாசலில் நாங்கள் அதையேதான் காட்டினோம்.

உள்ளே போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராக ராஜகிரிப் படியைத் தேடி ஓடுகிறார்கள். தயவுசெய்து கீழே இருப்பதைப் பார்க்காமலே திரும்பிவிடாதீர்கள். கீழ்க்கோட்டையில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் செலவழியுங்கள். என்னைக் கேட்டால் செஞ்சியின் மூளை கீழேதான் இருக்கிறது. நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்து பாருங்கள். கூப்பிட்டால் குரல் உருண்டு திரும்பி வருகிற அளவுக்குப் பெரிது. குதிரை லாயமும் யானைக் குளமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நடுவில் கல்யாண மகால். சதுர முற்றம், அதன் நடுவே குளம், சுற்றிலும் வளைவு வைத்த தாழ்வாரம், ஒரு பக்கம் அடுக்கடுக்காக எழும்பி உச்சியில் கூம்பி முடியும் கோபுரம். மாடிக்கு ஒரு சின்ன அறைதான்.

இங்கே நான் நின்றுவிட்டேன். வெளியே இருக்கும் ஒரு குளத்திலிருந்து சுட்ட மண் குழாய் வழியாக இந்த மகாலுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். படிக்கிறவர்களுக்கு இது ஒரு தகவல். எனக்கு இது தொழில். மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாவிட்டால் தண்ணீர் தான் புறப்பட்ட இடத்தின் மட்டத்துக்கு மேலே ஒரு விரல்கடைகூட ஏறாது. ஆகவே குளத்தின் மட்டம் என்ன, மகாலின் எந்த மாடி வரை அந்த மட்டம் வரும் என்று முதல் கல் வைக்கும் முன்பே ஒருவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். வழியில் வாட்டம் ஓரிடத்தில் தப்பினாலும் காற்று அடைத்துக்கொள்ளும், சேறு தங்கும். மண் குழாய் வேறு. பிளாஸ்டிக் குழாய் மாதிரி வளைந்து கொடுக்காது. பிரஷர் கூடினால் முதலில் ஜாயின்ட் போகும். இன்றைக்கு ரசமட்டமும் டியூப் லெவலும் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் நீளமான டியூப்) கையில் வைத்துக்கொண்டு நாங்கள் போடும் பாத்ரூம் தரையிலேயே தண்ணீர் மூலையில் தேங்கி நிற்கிறது, வீட்டுக்காரம்மா போன் போட்டுத் திட்டுகிறார். இவனுக்கு யார் போன் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ராணியே போட்டிருப்பாள்.

மகள் இரண்டு முறை வந்து கையைப் பிடித்து இழுத்தாள். மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இது என் முதல் தப்பு. கீழ்க்கோட்டையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஆளாக மலை ஏறிவிடுங்கள்.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. படிகள் ஆயிரத்துக்கு மேல் என்கிறார்கள். நான் எண்ணவில்லை, முட்டி எண்ணியது. ஆரம்பப் படிகள் அகலமானவை, பழுதில்லை. கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டிய பிறகு மலை தன் குணத்தைக் காட்டுகிறது. ஒரு படி ஒரு சாண், அடுத்தது ஒன்றரை முழம். எந்தக் காலை முன்வைப்பது என்று ஒவ்வொரு படியிலும் யோசிக்க வைக்கிறது. வேண்டுமென்றே இப்படிக் கட்டினார்களா தெரியாது, ஆனால் வாளும் கேடயமும் கவசமுமாக இதில் ஏறி வருகிறவன் மேலே வந்து சேரும்போது சண்டை போடும் நிலையில் இருக்க மாட்டான். நான் ஒரு தோள்பையோடு வந்தே அந்த நிலையில் இல்லை. வாசலுக்கு மேல் வாசல் வருகிறது. ஒவ்வொன்றிலும் பாதை சட்டென்று திரும்புகிறது. திரும்பும் இடத்தில் நிழல் உண்டு, நிழலில் குரங்கும் உண்டு. எங்கள் பிளாஸ்டிக் பையை ஒன்று பிடுங்கிக்கொண்டு போய், கண்ணெதிரே உட்கார்ந்து கமலா ஆரஞ்சை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றது. தண்ணீர் பாட்டிலை மட்டும் விட்டுவைத்தது. பாதிதான் இருந்தது, அதனால் இருக்கும்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே செஞ்சியின் பெரிய தந்திரம் இருக்கிறது. பாறை திடீரென்று பிளந்து, ஏறத்தாழ 24 அடி அகலத்தில் 60 அடி ஆழத்தில் வாய் பிளந்து நிற்கிறது. இப்போது நடக்கப் பாலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. அந்தப் பக்கம் பத்துப் பேர் நின்றால் போதும் போலத் தெரிகிறது. 1677-இல் சிவாஜி இதைப் பிடித்தபின் இன்னும் பலமாக்கினார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து ஒளிந்திருந்தபோது ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698-இல். அதற்கு முன்பே ராஜாராம் தப்பிவிட்டார்.

ஏழு வருடத்துக்கும் மேல்! பாலத்தின் மேல் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இந்தப் பள்ளம் ஒரு நாள் சண்டையில் ஜெயிக்க வைக்கும். ஏழு வருடம் தாக்குப்பிடிக்க வைப்பது பள்ளமில்லை, சுனை. மேலே வந்து பார்த்தால் தெரியும். பாறைச் சரிவில் விழுகிற மழை வீணாகாமல் இறங்கித் தேங்க இடம் செய்திருக்கிறார்கள். சுனைகளும் இருக்கின்றன. கூடவே களஞ்சியம். 800 அடி உயரத்தில் நெல்லும் தண்ணீரும் இருந்தால் கீழே எவன் கூடாரம் அடித்தால் என்ன?

அந்தச் சுனைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் எங்கள் ஒரு லிட்டரின் கடைசி மடக்கை இரண்டாகப் பங்கு போட்டோம். சுனைத் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது, குடிக்க ஆகாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், துணிப்பையில், குரங்குக்குத் தெரியாமல். ஏறும் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தது என் இரண்டாவது தப்பு. 26 வருடமாக ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவன்!

உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, பழைய பீரங்கி ஒன்று. காற்று நன்றாக இருக்கிறது. சுற்றிலும் ஏரிகளும் வயலும் தெரிகின்றன. ஓவியம் மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் எழுதுவார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் சுவர் முழுக்கப் பெயர்களும் இதயங்களும் கீறி வைத்திருக்கிறார்கள். 1750-இல் பிரெஞ்சுக்காரன் பிடித்தான், 1761-இல் இங்கிலீஷ்காரன் பிடித்தான், அவர்கள்கூட இவ்வளவு கீறவில்லை.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம், இதை யாரும் சொல்வதில்லை. ஏறும்போது மூச்சுதான் வாங்குகிறது. இறங்கும்போது ஒவ்வொரு உயரப் படியிலும் உடம்பு முழுக்க ஒரே முட்டியில் வந்து இறங்குகிறது. பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி இறங்கினேன். ஒரு பாட்டி தன் பேரனைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு என்னைத் தாண்டிப் போனார். "மெதுவா வாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். செருப்பு போட்டவர்கள் வழுக்கினார்கள். பிடிமானமுள்ள ஷூ, இல்லையென்றால் அந்தப் பாட்டி மாதிரி வெறுங்கால்.

கிருஷ்ணகிரிக்கு மகள் மட்டும் ஏறினாள். நான் அடிவாரத்தில் வேப்பமர நிழலில் காலை நீட்டிவிட்டேன். ராஜகிரியைவிடத் தாழ்வு, கூட்டமும் குறைவு, மேலே குவிமாடம் வைத்த மண்டபம் ராஜகிரியில் இருக்கும் எதையும்விட அழகு என்றாள். அப்புறம் சாதாரணமாக, "மேல எண்ணெய்க்கும் நெய்க்கும் கல்லுல தொட்டி கட்டி வச்சிருக்காங்கப்பா" என்றாள். எண்ணெய்த் தொட்டி! கல்லில், கசியாமல்! இதை மேலே இருந்தே போன் போட்டுச் சொல்லியிருந்தால் தவழ்ந்தாவது போயிருப்பேன். முட்டி வலி உள்ளவர்கள் ராஜகிரியை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி மட்டும் ஏறலாம் என்பது இப்போது என் யோசனை. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக வெங்கடரமணர் கோயில். நான் வந்ததே இதற்காகத்தான். வாசல் சுவரில் ராமாயணக் காட்சிகளைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே ஆளில்லை. புறாக்கள் மட்டும். எங்கள் கடற்கரைத் தூண்கள் இந்தக் கோயிலைச் சேர்ந்தவை என்றுதான் சொல்கிறார்கள். நிற்கும் தூண்களில் ஒன்றை அப்பா மாதிரியே தட்டிப் பார்த்தேன். அதே ஓசைதான் வந்தது, கல் எல்லாம் அப்படித்தானே ஒலிக்கும் என்று மகள் சொன்னாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. கோட்டையில் எந்த இடத்தில் அதிக நேரம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டால் இங்கேதான். மலை ஏறவே முடியாத பெரியவர்களை அழைத்து வந்தால் நெற்களஞ்சியம், கல்யாண மகால், இந்தக் கோயில் மூன்றும் போதும். ஏமாற்றம் இருக்காது.

கோட்டைக்குள் சாப்பாடு கிடையாது. செஞ்சி ஊருக்குள் வந்துதான் சாப்பிட்டோம், நாலு மணிக்கு மேல் மதியச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், மகள் தலையில் அடித்துக்கொள்ள, இன்னொரு ஆட்டோ பிடித்துக் கோட்டை வாசலுக்கே திரும்பிப் போனேன். பூட்டும் நேரம். காவலாளியிடம், அடுத்த முறை வரும்போது குளத்தின் மட்டத்துக்கும் கல்யாண மகால் மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

"கருவி எதுவும் உள்ள கொண்டு வரக் கூடாது சார்."

"கருவி இல்ல சார். நீளமா ஒரு டியூபு, அதுக்குள்ள கொஞ்சம் தண்ணி. அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். "தண்ணி கொண்டு வாங்க" என்றார், "டியூப வீட்டுலயே வச்சுட்டு வாங்க."