பத்து நிமிட வெளிச்சம்: போர்ட் லூயி புளூ பென்னி மியூசியம் போய் வந்த கதை

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியின் கோடான் வாட்டர்ஃப்ரண்டில் இருக்கும் புளூ பென்னி மியூசியத்துக்குப் போகிறவர்கள் நேரம் பார்த்துப் போங்கள். அங்கே இருக்கும் 1847ஆம் வருடத்து மொரீஷியஸ் அசல் தபால் தலைகளின் மேல் ஒவ்வொரு மணியிலும் 25ஆவது நிமிடத்திலிருந்து 35 வரைதான் விளக்கு எரியும். வெளிச்சம் அதிகம் பட்டால் மை வெளுத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு, மற்ற நேரத்தில் நகல்தான். முதல் தடவை இது தெரியாமல் 11.40க்குப் போய் நின்றேன். பழைய கடல் வரைபடங்கள், கப்பல் மாதிரிகள், பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் பையனைச் சிற்பி புரொஸ்பேர் தெப்பினே வடித்த சிலை, எல்லாவற்றையும் இரண்டு சுற்று பார்த்தும் 12.25 வரவில்லை. தப்பு என் மேல்தான்.

இந்தத் தடவை சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறி, விக்டோரியாவில் இறங்கி நடந்தே போய்விட்டோம். அவர் பள்ளிக்கூட நாளிலிருந்தே மொரீஷியஸ் ஸ்டாம்ப் சேர்க்கிறவர். சின்ன வயதில் எங்களை உட்கார வைத்து அவர் சொன்ன கதை இந்தத் தீவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 1847இல் ஸ்டாம்ப் செதுக்கும் வேலை ஜோசப் ஆஸ்மண்ட் பார்னார்டிடம் போகிறது, ஓரத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை அவர் மறந்துவிடுகிறார், கேட்கலாம் என்று கிளம்புகிறார், வழியில் தபால் நிலையப் பலகை கண்ணில் படுகிறது, அப்படியே திரும்பி வந்து 'போஸ்ட் பெய்ட்' (தபால் கட்டணம் கட்டியாயிற்று) என்பதற்குப் பதில் 'போஸ்ட் ஆபீஸ்' என்று செதுக்கிவிடுகிறார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையை 1928இல் வந்த ஒரு பிரெஞ்சு நூல்தான் பரப்பியது, ஸ்டாம்ப் வந்து எண்பது வருடம் கழித்து. அதே 1847இல் அமெரிக்கா வெளியிட்ட ஸ்டாம்பிலும் 'போஸ்ட் ஆபீஸ்' என்றுதான் இருக்கிறது, அதை யாரும் பிழை என்று சொல்வதில்லை. இதைச் சொன்னதும் சித்தப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்போ அறுபது வருஷமா நான் சொன்னது பொய்யாடா?" என்றார். "பொய் இல்லை சித்தப்பா, கதை" என்றேன். அதற்கும் முறைத்தார்.

சரி, விளக்கு எரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் காகிதத் துண்டுகள், ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு பென்னி, கருநீலத்தில் இரண்டு பென்ஸ். (நீலம் இரண்டு பென்ஸ் என்றால் மியூசியத்துக்கு ஏன் 'புளூ பென்னி' என்று பெயர் என்று கேட்காதீர்கள், ஊர் வாயில் நிலைத்த பெயர் அது.) விக்டோரியா ராணியின் முகம் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே செப்புத் தகட்டில் செதுக்கி, ஒவ்வொன்றாக, வகைக்கு 500 அச்சடித்தார்கள். இன்று மிஞ்சியிருப்பது இரண்டும் சேர்த்து 27தான். இங்கே இருக்கும் ஜோடியை 1993இல் மொரீஷியஸ் கமர்ஷியல் பேங்க் தலைமையில் சில நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 20 லட்சம் டாலர் கொடுத்து ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தன. பத்து நிமிடம் முடிந்து விளக்கு அணைந்தபோது சித்தப்பா கண்ணாடியை விட்டு நகரவே இல்லை, இந்த மியூசியத்துக்கு அதுதான் நான் தரும் மதிப்பெண்.

உண்மையான அச்சுப் பிழை வேண்டும் என்றால் அடுத்த வருடத்து ஸ்டாம்புக்குப் போக வேண்டும். 1848இல் அதே பார்னார்டு 'போஸ்ட் பெய்ட்' வரிசையைச் செதுக்கினார், ஒரு தகட்டில் 12, பன்னிரண்டையும் தனித்தனியாகக் கையால். அதனால் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது, மூக்கு ஒன்றில் நீளம், கழுத்து ஒன்றில் கோணல், பழகிய கண்ணுக்குத் தகட்டில் எத்தனையாவது இடம் என்று சொல்லிவிட முடியும். இரண்டு பென்ஸ் தகட்டின் ஏழாவது இடத்தில் 'பென்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'சி' வர வேண்டிய இடத்தில் 'ஓ' விழுந்திருக்கிறது. சேகரிப்பவர்கள் அதை 'பெனோ' என்றே சொல்வார்கள். அந்தத் தகட்டை 1859 வரை ஓட்டினார்கள், செம்பு தேயத் தேயக் கோடுகள் மங்கிக்கொண்டே போகும், அதனால் ஆரம்பத்தில் அடித்ததற்கு ஒரு விலை, தேய்ந்த பிறகு அடித்ததற்கு வேறு விலை.

இந்த 'பெனோ' ஆசையில்தான் நான் ஏமாந்தேன். போர்ட் லூயியில் ஒரு கடை, பெயர் வேண்டாம், "தேய்ந்த காப்பி, அதனால்தான் மலிவு" என்று 800 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அந்த விலையைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சித்தப்பா லென்ஸை வைத்ததும் சிரித்துவிட்டார், நீலம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, நம் பத்திரிகைப் படம் மாதிரி. செப்புத் தகட்டில் செதுக்கி அடித்ததில் புள்ளி வராது, கோடுதான் வரும், மை காகிதத்தின் மேல் கொஞ்சம் மேடாக நிற்கும், சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். லென்ஸ் இல்லாமல் ஸ்டாம்ப் கடைக்குப் போகாதீர்கள்.

திரும்பும் வழியில் தால் பூரி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே சித்தப்பா வேறு பேச்சுக்குத் தாவினார். 1998இல் வந்த புது மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்து, நம்மவர்கள் கொதித்தெழுந்து, கடைசியில் நோட்டுகளையே திரும்பப் பெற்றார்களே, அதில் ஒன்றை அவர் ஆல்பத்தில் வைத்திருக்கிறார். என் 800 ரூபாய் 'பெனோ'வையும் வாங்கிப் பக்கத்தில் செருகிவிட்டார், கீழே பென்சிலில் 'போலி' என்று எழுதி.

ஞாயிற்றுக்கிழமை மியூசியம் மூடியிருக்கும். மற்ற நாளில் 10.15க்கு உள்ளே போய்விட்டால் 10.25க்கு ஸ்டாம்ப் அறையில் நிற்கலாம், வரைபடங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்.